பக்கத்துத் தோப்பில் இருந்த எங்கள் எல்லைக்கல்

திருவையாறு அருகே உள்ள எங்கள் நன்செய் நிலத்தில் எனக்கும் பங்காளிக்கும் இடையே வரப்புத் தகராறு எழுந்தபோது, அளந்து அத்து, அதாவது எல்லை, காட்டும்படி அரசின் தமிழ்நிலம் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினேன். 2023 நவம்பருக்கு முன்பு வட்ட அலுவலகத்துக்கு நேரில் போய்த்தான் இந்த மனுவைக் கொடுக்க வேண்டியிருந்தது. மனு சுலபமாக முடிந்துவிட்டது. சிக்கல் அளக்க வந்த நாளில்தான் தொடங்கியது.

என் உட்பிரிவை, அதாவது ஒரு சர்வே எண்ணுக்குள் தனியாகப் பிரிந்த என் துண்டை, அளக்க என் வயலில் நின்றால் போதும் என்று நான் எண்ணியிருந்தேன். நிலத்தின் எல்லைகளும் அளவுகளும் குறித்த வரைபடமான புலப்படத்தைச் சர்வேயர் விரித்துக் காட்டிய பிறகே, முழு சர்வே எண்ணின் மூலைக்கற்களைப் பிடித்து, அவற்றுக்கு இடையிலான கோட்டை நிறுத்தி, அதிலிருந்து குறுக்களவு போட்டுத்தான் உட்பிரிவின் எல்லையைக் குறிக்க முடியும் என்பது புரிந்தது. அந்த மூலைக்கற்களில் ஒன்று, எங்கள் தகராறில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பெரியவரின் தென்னந்தோப்பில், கம்பி வேலிக்கு உள்ளே இருந்தது. அவருக்கு அறிவிப்பு போய்ச் சேரவில்லை. அளவுச் சங்கிலியோடு நின்ற எங்களைப் பார்த்து, "எந்தக் கடுதாசியும் இல்லாம என் தோப்புல எப்படித் தம்பி கால் வைப்பீங்க?" என்று கேட்டார். சர்வேயர் வாதிடாமல் திரும்பிவிட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் நியாயம் பெரியவர் பக்கமே இருந்தது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

பிறகு ஒரு வழக்கறிஞரிடம் விளக்கம் கேட்டேன். 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம், அளவை செய்யும் அலுவலருக்கு எல்லைக்கோட்டை மறைக்கும் மரம், புதர், வேலி, நிற்கும் பயிர் ஆகியவற்றை அப்புறப்படுத்தச் சொல்லும் அளவுக்கு அதிகாரம் தருகிறது. அதே சட்டம், நிலத்திலோ எல்லையிலோ உரிமை உள்ளவர்கள் நேரிலோ முகவர் மூலமோ வந்து எல்லையைக் காட்டும்படி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதிகாரத்தையும் அறிவிப்பையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதே நான் புரிந்துகொண்டது. மனுதாரரான எனக்கோ, பிறர் நிலத்தில் நுழைய எந்த உரிமையும் இல்லை.

இரண்டாம் முறை, சம்பா அறுவடை முடியும்வரை காத்திருந்து தேதி கேட்டேன். பக்கத்துப் பட்டாதாரர்கள் அனைவருக்கும் அறிவிப்பு கொடுத்துக் கையெழுத்து வாங்கப்பட்டதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் நானே போய் உறுதிசெய்துகொண்டேன். பெரியவரையும் வீட்டில் சந்தித்து, எந்த இடத்தில் எதற்காகத் தோண்ட வேண்டியிருக்கும் என்று புலப்பட நகலைக் காட்டி விளக்கினேன். மறுவாரம் அவரே படலைத் திறந்துவிட்டு, கல் இருந்த இடத்தையும் காட்டினார். ஓரடி ஆழத்தில், தென்னை வேர் சுற்றியிருந்த நிலையில், அது அசையாமல் நின்றது.

அதைப் பிடித்து அளந்ததில், வரப்பு ஒன்றரை அடி எங்கள் பக்கம் நகர்ந்திருந்தது தெரிந்தது. பங்காளி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அவர் மறுத்திருந்தால் மறு அளவை கேட்டிருக்கலாம், உரிமைத் தகராறாக மாறியிருந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் தீர்மானித்திருக்க வேண்டும். மாலையில் தோப்புக்குப் போய், தோண்டிய குழியை மூடி மண்ணை மிதித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.