மூணாறிலிருந்து குல்மார்க்: பனிச்சறுக்குக்கு ஒரு நாள்

மூணாறில் லட்சுமி, செண்டுவரை எஸ்டேட் பக்கம் ஜனவரி விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறினால் அந்த உறைபனி போய்விடும். சறுக்கும் அளவுக்குப் பனி வேண்டுமென்றால் காஷ்மீரிலுள்ள குல்மார்க்தான் என்று மச்சானும் தங்கச்சியும் நானும் முடிவுசெய்தோம்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். நம் ஆனைமுடி உச்சி 2,695. உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் குல்மார்க் எவ்வளவோ வடக்கே இருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேகங்கள் குளிர்காலத்தில் அங்கே பனியைக் கொட்டுகின்றன. நமக்கோ ஜனவரி வறண்ட மாதம்.

மச்சான் பொங்கல் லீவில் போகலாம் என்றார். நான் பிப்ரவரிதான் என்று பிடிவாதமாக நின்றேன். சில்லை கலான் என்கிற 40 நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-ல் தொடங்கும். அதில் விழும் பனி அடுக்கடுக்காகச் சேர்ந்தபிறகுதான் சரிவுகள் தோதாகும். அதுவும் நிச்சயமில்லை. 2024 ஜனவரியில் வெகுநாள் குல்மார்க் பனியில்லாமல் காய்ந்து கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். அதனால் ஸ்ரீநகரில் கூடுதல் நாள் வைத்துக்கொண்டு, பனி விழுந்த சேதி கேட்டபின் மேலே ஏறுவது என்று வைத்துக்கொண்டோம்.

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். வழியிலுள்ள தங்மர்க்குக்கு மேல் ரோட்டில் பனி கிடந்தால் டயரில் சங்கிலி கட்டிய வண்டிதான் போகும். காலை நேரம் வழியிலேயே கரையக் கூடாதென்று முந்தின இரவே மேலே போய்த் தங்கிவிட்டோம்.

முதல்முறை சறுக்குகிறவர்களுக்கு ரோப் கார் தேவையே இல்லை. ஊருக்குள் இருக்கும் மெல்லிய சரிவே போதும். ஸ்கீ (காலில் மாட்டிச் சறுக்கும் நீளப் பலகை), பூட்ஸ், கம்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸ் எடுக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். குதிகால் மேலே எழும்பக் கூடாது, விரல்கள் அசைய வேண்டும். ரெண்டு மூணு சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும். சொல்லிக்கொடுக்கிற ஆளை நாள் முழுக்கப் பேசிக்கொள்ளுங்கள். ஸ்கீயின் முன்முனைகளைக் கிட்டே கொண்டுவந்து, பின்பக்கத்தை விரித்து வேகம் குறைப்பதுதான் முதல் பாடம். தங்கச்சிக்கு அது மதியத்துக்குள் வந்துவிட்டது. அவள் யார் கையும் பிடிக்காமல் நின்றபோது மச்சான் போட்ட சத்தத்தில் அந்தச் சரிவே திரும்பிப் பார்த்தது.

ரோப் காரின் முதல் கட்டம் கொங்தூரி வரை, இரண்டாவது அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் மேல் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அங்கே சமப்படுத்தாத பனி, பனிச்சரிவு ஆபத்தும் உண்டு. தேர்ந்தவர்கள் வழிகாட்டியோடு இறங்கும் இடம் அது. நாங்கள் கொங்தூரி வரை போய்ப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

அப்புறம், வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது. கிளம்புமுன் ஒருவருடையதையாவது போஸ்ட்பெய்டாக மாற்றிவிடுங்கள்.