போலஸ் பை சில்லென்று இருந்தால் மட்டும் போதாது

மார்புச் சுவரில் திரும்பி வந்த புற்றுநோய்க்கு ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுக்கிற வெப்ப சிகிச்சை இது. கட்டியை 41 முதல் 43 டிகிரிக்குக் கொண்டுபோய் சுமார் ஒரு மணி நேரம் அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். அதில் 25 நிமிடம் காற்றுக் குமிழியால் வீணாய்ப் போனது இன்னும் மனசு ஆறவில்லை.

நகை, ஊக்கு கழற்றுவது, பேஸ்மேக்கர் இல்லையென்று பார்ப்பது எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. சிக்கல் முழுக்க போலஸ் பையில்தான். சூடேற்றும் மைக்ரோவேவ் கருவிக்கும் தோலுக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிற மெல்லிய பை. மைக்ரோவேவை உடம்புக்குள் இறக்குவதும் தோலின் சூட்டைப் பிடித்து வைப்பதும் அதுதான். புதுத் தண்ணீரை ஊற்றி உடனே 40 டிகிரிக்கு ஏற்றினால், கரைந்திருந்த காற்று பொடிப்பொடியாகப் பிரிந்து பையின் மேல்பக்கம் திரளும். அந்த இடத்தில் அலை கோணலாகும். பையின் மடிப்புக்கும் தோலுக்கும் நடுவே மாட்டுகிற காற்று இன்னும் மோசம், அங்கே குளிர்ச்சியும் போய்ச் சேராது. "இங்க மட்டும் சுருக்சுருக்னு குத்துது" என்று நோயாளி விரலால் தொட்டுக் காட்டினால் முதலில் பவரை நிறுத்துங்கள். அப்புறம் பையைத் தூக்கிப் பாருங்கள். வலி மாத்திரை அப்போது கூடவே கூடாது.

டிஸ்டில்டு வாட்டரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, முன்கூட்டியே நிரப்பி, சிகிச்சைச் சூட்டிலேயே அரை மணி நேரம் பம்ப்பை ஓட்டுங்கள். தண்ணீர் வெளியேறும் முனையை உயர்த்திப் பிடித்துத் தட்டினால் மிச்சக் குமிழியும் போய்விடும். உப்புநீர் வேண்டாம், மைக்ரோவேவ் பவரைப் பையே குடித்துவிடும். இரண்டு தகடுகளுக்கு நடுவே சூடேற்றும் கருவிக்குத்தான் உப்புநீர்ப் பை. எதில் எந்தத் தண்ணீர் என்று கேன்களில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீரின் சூடு. கட்டி ஆழத்தில் இருந்தால் குளிர்ந்த தண்ணீர் நல்லது. உச்சச் சூடு தோலைவிட்டு உள்ளே நகரும். மார்புச் சுவரிலோ நோய் தோலிலேயே படர்ந்திருக்கும். அங்கே 30 டிகிரி தண்ணீரை ஓட்டினால் நோயைத்தான் குளிரவைக்கிறோம். 43க்குக் கீழே ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் அதே பலனுக்குச் சுமார் 4 மடங்கு நேரம் ஆகும். அதனால் பைத் தண்ணீரையே 40க்கு மேல் வைக்க வேண்டியிருக்கும்.

சூடு ஏறிய கொஞ்ச நேரத்தில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும்; அதே பவரில் சூட்டின் அளவு இறங்கும். உடனே பவரைக் கூட்டிவிடாதீர்கள். அறுவைத் தழும்பிலும், ஏற்கெனவே ரேடியேஷன் பட்ட தோலிலும் குழாய்கள் அப்படி விரியாது. உணர்வும் மங்கியிருப்பதால் சுடுவதே தெரியாமல் கொப்புளம் கிளம்பும். முதல் சென்சார் தழும்பின் மேல் இருக்கட்டும். இன்னொன்று, பையின் அடியில் நசுங்கிக் கிடக்கிற சென்சார் பாதி தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். அதை நம்பி "தோல் 39தான்" என்று எழுதிவிடக் கூடாது.

தகடு வைத்துச் சூடேற்றும் முறையில் ஏமாற்றுவது கொழுப்பு. மேலே தோல் சில்லென்று, சிவப்புகூட இல்லாமல் இருக்கும். அடியில் கொழுப்பு வெந்திருக்கும். மறுநாள் விரலால் அழுத்தினால் கல்போலக் கெட்டியாக, தொட்டால் வலிக்கிற கட்டி தட்டுப்படும். பெரும்பாலும் தானே கரைந்துவிடும். ஆனால் அது எந்த இடம், எவ்வளவு அகலம் என்று குறித்து, அடுத்த முறை மேஜையில் படுக்கவைக்கும் முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.