சம்பளப் பட்டியலில் ஒரு பிடித்தம்

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சம்பளக் கணக்குப் போடுவது என் வேலை. ஆபீஸ் ஜாகீர் அம்மாபாளையத்துப் பக்கம், ஷிப்ட் எப்போதும் ராத்திரி. வாடிக்கையாளர்களின் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. பெரிய டெக்னாலஜி கம்பெனிகளும் அதில் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அங்கே பல கம்பெனிகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு என்று பிடித்தங்கள் வரிசையாகப் போகும். கடைசிக்குப் பக்கத்தில் பி.ஏ.சி. என்று ஒன்று. சிலருக்குப் பத்து டாலர், சிலருக்கு ஐம்பது, பெரும்பாலோருக்குச் சைபர். ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் புதுப் பெண் ஒருத்தி, “இது எந்த இன்சூரன்ஸ்ங்கண்ணா?” என்று கேட்டாள். “இன்சூரன்ஸ் இல்லம்மா, எலெக்‌ஷன்ல நிக்கிறவங்களுக்குப் போற பணம்” என்றேன். சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்சிக்காரர்களுக்குக் கொடுப்பார்களா என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

கொடுப்பார்கள். 1907-லேயே டில்மன் சட்டம் என்று ஒன்று வந்து, நாடாளுமன்றத்துக்கோ ஜனாதிபதி பதவிக்கோ போட்டியிடுகிறவருக்குக் கம்பெனிகள் தங்கள் கஜானாவிலிருந்து நேரடியாகப் பணம் தரக் கூடாது என்று தடுத்துவிட்டது. அதனால் பி.ஏ.சி., அதாவது அரசியல் நடவடிக்கைக் கமிட்டி, என்று ஒரு கமிட்டி வைக்கிறார்கள். அதை நடத்துகிற செலவைக் கம்பெனி ஏற்கலாம். வேட்பாளருக்குப் போகிற பணம் ஊழியர்களும் பங்குதாரர்களும் விரும்பிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஒருவர் வருடத்துக்கு 5,000 டாலருக்கு மேல் தர முடியாது. கமிட்டியும் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000-தான். ‘தர மறுத்தால் உங்களுக்கு எந்தப் பாதகமும் வராது’ என்று பணம் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். மேலதிகாரி முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அங்கேயும் இருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

வெளிநாட்டவர் கொடுக்கக் கூடாது. எச்1பி விசாவில் போன நம்ம பையன்களுக்கு அந்த இடம் காலி. கிரீன் கார்டு கைக்கு வந்தால் சேரலாம்.

எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. வருடத்தில் மொத்தம் 200 டாலரைத் தாண்டிவிட்டால் கொடுத்தவரின் பெயர், வேலை பார்க்கும் இடம், பதவி எல்லாம் தேர்தல் ஆணையத்தின் பொதுப் பதிவில் ஏறும். பத்து டாலர் வீதம் 26 சம்பளத்துக்குக் கணக்குப் போட்டால் 260. ஆக, பத்து டாலர்காரர் ஊருக்கே தெரிவார், ஐந்து டாலர்காரர் தெரியமாட்டார். ஒரு சாதாரண இன்ஜினியரின் கொடை இவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறது.

அந்தப் பத்து டாலருக்கு ஒரு பலமும் உண்டு: பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். 2021 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் கலவரம் நடந்த பிறகு, பல கம்பெனிகள் இந்தக் கொடையை நிறுத்திவைத்தன. மைக்ரோசாஃப்ட் தன் ஊழியர்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, தேர்தல் முடிவை ஏற்க மறுத்து ஓட்டுப் போட்ட உறுப்பினர்களுக்கு 2022 தேர்தல் முடியும்வரை கமிட்டிப் பணம் கிடையாது என்று அறிவித்தது.

ஆனால் பெரிய பணம் எங்கள் பட்டியல் வழியாக வருவதே இல்லை. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்பு விழாவுக்கு அமேசான், மெட்டா, கூகுள் ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தன. விழாக் கமிட்டிக்குக் கம்பெனியே நேரடியாகத் தரலாம், உச்சவரம்பும் கிடையாது. சம்பளப் பிடித்தத்தில் அந்தத் தொகை சேர வேண்டுமானால் 200 பேர் வருடம் முழுக்க வரம்பின் விளிம்புவரை கொடுக்க வேண்டும். பத்து டாலர்காரர்கள் என்றால் 3,800 பேருக்கு மேல் வேண்டும். அத்தனை பேரின் விருப்பத்தைக் கேட்க வேண்டிய வேலை, ஒரு காசோலையில் முடிந்துவிடுகிறது.

ஃபேர்லேண்ட்ஸில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் நண்பரிடம் ஒரு சாயங்காலம் இதைச் சொன்னேன். ஷிப்டுக்கு முன்னால் தட்டுவடை செட் சாப்பிடுகிற நேரம். பீட்ரூட் துருவலும் சட்னியும் விரலில் வழிய, அவர் சிரித்தார். “லீ பஜார்ல நம்ம கட்சிக்காரங்க எல்லாம் ரெண்டு பக்கமும் ரசீது வாங்கி வெச்சிருப்பாங்க. உங்க வெள்ளைக்காரனும் அதத்தான பண்றான்?” (அவர்கள் பாஷையில் கட்சிக்காரர் என்றால் ஆடிட்டரின் வாடிக்கையாளர்.) அந்த கமிட்டிகளும் இரண்டு கட்சிக்கும் கொடுப்பவைதான், ஒத்துக்கொண்டேன்.

நம்ம ஊர்ச் சட்டத்தை அவர்தான் விளக்கினார். கம்பெனிகள் சட்டம் 182-ஆவது பிரிவு: கடைசி மூன்று வருட சராசரி லாபத்தில் ஏழரை சதவீதம்வரை கட்சிக்குத் தரலாம், போர்டு தீர்மானம் வேண்டும். ரொக்கமாகத் தரக் கூடாது. 2017-ல் அந்த ஏழரையை எடுத்துவிட்டார்கள். எந்தக் கட்சிக்கு என்று கணக்கில் காட்டவும் வேண்டாம் என்றார்கள். 2018-ல், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர, தேர்தல் பத்திரம் வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் பத்திரத்தோடு அந்தத் திருத்தங்களையும் சேர்த்து ரத்து செய்தது. மார்ச்சில் வெளிவந்த, பத்திரம் வாங்கியவர்கள் பட்டியலில் முதலிடம் கோயம்புத்தூர் லாட்டரி கம்பெனிக்கு, 1,368 கோடி. முதல் இரண்டு இடத்திலும் சாஃப்ட்வேர்க்காரர்கள் இல்லை, லாட்டரியும் கட்டுமானமும்தான். அங்கே பத்து டாலருக்குப் பெயர் வெளிவரும். இங்கே ஆயிரம் கோடிக்குப் பெயர் வெளிவர ஐந்து நீதிபதிகள் உட்கார வேண்டியிருந்தது.

ஆத்தூர்ப் பெண் இப்போது எல்லாப் பிடித்தமும் தெரிந்தவள். ஆப்பிளுக்கு இப்படிக் கமிட்டியே கிடையாதாமே என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாள். உண்மைதான், ஆப்பிள் வைத்துக்கொள்வதில்லை. “அப்ப அவங்க சுத்தம்ங்களாண்ணா?” என்றாள். டிரம்ப் பதவியேற்பு விழாவுக்கு, அப்போது ஆப்பிளின் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக் தன் சொந்தப் பணத்தில் பத்து லட்சம் டாலர் கொடுத்ததாக வந்த செய்தியைச் சொன்னேன். அது கம்பெனி கணக்கா, அவர் கணக்கா என்று விடியும்வரை வாதாடினாள். நான் அவர் கணக்குதான் என்றேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை.