14×17 கேமராவில் முதல் உருவப்படங்கள்

14×17 அங்குலத் தாள் ஃபிலிமில் படம் எடுக்கும் என் கேமராவுக்கு பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள, ஒளி புகாத மடிப்புப் பை) ஒட்டி முடிந்தது. விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே டார்ச் வைத்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன், எங்கும் வெளிச்சம் கசியவில்லை.

14×17 அங்குலத்தைத் தேர்ந்தெடுக்க எக்ஸ்ரே ஃபிலிம்தான் காரணம். அது இதே அளவில் வருகிறது, வெட்ட வேண்டியதில்லை. 8×10க்கு மேற்பட்ட அளவுகளில் வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிம் வேண்டுமென்றால், பெரும்பாலும் இங்கிலாந்தின் ஃபிலிம் நிறுவனமான இல்ஃபோர்ட் ஆண்டுக்கு ஒருமுறை ஆர்டர் சேகரித்து வெட்டித் தரும்வரை காத்திருக்க வேண்டும். பழகும் காலத்தில் தாளை எண்ணி எண்ணிப் படம் எடுப்பது சரிவராது.

லென்ஸ், அச்சுத் தொழிலுக்காகச் செய்த 600 மி.மீ. குவியதூரம், எஃப்/9 திறப்பு (எஃப் எண் கூடக் கூட ஒளி நுழையும் துளை சிறிதாகும்). தூரத்துக் காட்சியில் மூலைகள் இருளும். முகத்தை நெருங்கி எடுத்தால், பெல்லோஸ் நீள நீள லென்ஸ் ஃபிலிமில் விழவைக்கும் ஒளிவட்டமும் பெரிதாகி மூலைவரை நிறைகிறது. முகம் நிஜத்தில் பாதி அளவுக்கு விழும்போது பெல்லோஸ் 900 மி.மீ. வரை நீள்கிறது. அப்போது ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) சற்று மேலேயே வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். ஃபிலிமின் ஒளியுணர் திறனை 80 ஐஎஸ்ஓ என்று வைத்துக்கொண்டு, வெயில் நேராக விழாத நிழலில் எஃப்/32, ஒரு நொடி. லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டுவதுதான் ஷட்டர். எஃப்/9இல் இமை தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும், அதனால் எஃப்/32க்குக் குறையாமல் மூடித்தான் ஆக வேண்டும்.

எக்ஸ்ரே ஃபிலிமில் எமல்ஷன் (படம் பதியும் ஒளியுணர் பூச்சு) பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். டெவலப் செய்யும் டிரேயின் அடியில் உரசினாலே கீறல் விழும். அடியில் ஒரு கண்ணாடிப் பலகை போட்டபின் கீறல் நின்றது. பச்சை உணரும் வகை என்பதால் சிவப்பு விளக்கு அதைத் தொடாது, டெவலப்பரில் முகம் எழுந்து வருவதைக் கண்ணால் பார்த்தே நிறுத்தலாம். அதே காரணத்தால் உதடு கறுத்து விழுகிறது, தோலில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் எழும்புகிறது. வயதானவர்களின் முகத்துக்கு இதைவிட நல்ல ஃபிலிம் இல்லை என்பேன்.

அப்புறம் பிரிண்ட். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் தேவையே இல்லை, ஒளியுணர் ரசாயனம் பூசிய காகிதத்தின் மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டினால் சயனோடைப் என்ற நீலநிறப் பிரிண்ட். பெரிதாக்காத படம் என்பதால் புருவத்தின் ஒற்றை முடிகூட லென்ஸ் வரைந்த அளவிலேயே காகிதத்தில் இருக்கிறது. இவ்வளவு பெரிய கேமராவை ஏன் தூக்கித் திரிகிறார்கள் என்று கேட்பவர்களிடம் இந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவேன். 1900இல் சிகாகோவின் ஜார்ஜ் லாரன்ஸ் ஒரு ரயிலை முழுதாக, ஒட்டுப்போடாமல் எடுப்பதற்காக 8 அடிக்கு நாலரை அடி தகடு கொண்ட கேமராவைச் செய்தார். அதை இயக்கப் பதினைந்து பேர் வேண்டியிருந்தது. அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது.

அடுத்தது ஃபிலிம் ஹோல்டர், அதாவது கேமராவின் பின்னால் ஃபிலிம் தாளைத் தாங்கும் சட்டம். கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் தாள் நடுவில் தொய்ந்து ஃபோகஸை விட்டு விலகுகிறது. பின்னால் ஒட்டுநாடா ஒட்டினால் அந்தப் பக்கத்து எமல்ஷன் போய்விடும். அதனால் பின்பலகையில் சிறு துளைகள் போட்டு, காற்றை உறிஞ்சித் தாளைப் பிடித்து வைக்கப் பார்க்கிறேன். அது சரியாக வந்தால் செடிகளை மேலிருந்து எடுக்கத் தொடங்கலாம்.