எட்டு ரூபாய்ப் பங்கு மலிவா, லட்ச ரூபாய்ப் பங்கு காஸ்ட்லியா?

அக்கா மகனுக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த கையோடு, பங்குகளை வைத்திருப்பதற்கான டிமேட் கணக்கும் திறந்துவிட்டான். அன்றிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் மழை. நான் ஒன்றும் சந்தை நிபுணன் இல்லை. கணக்குப் பிரிவில் வேலை, பேலன்ஸ் ஷீட் பார்த்துப் பழகிய கண், அவ்வளவுதான். ஆனால் "மாமாவுக்குத் தெரியும்" என்று குடும்பத்தில் ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் தப்பிக்க வழியில்லை.

அவன் அனுப்பிய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: "மாமா, வோடஃபோன் ஐடியா எட்டு ரூபா சொச்சம்தான், செம சீப். எம்ஆர்எஃப் ஒரு லட்சத்துக்கு மேல போகுது. அதையெல்லாம் யார் வாங்குவா?"

புதிதாக வருகிற எல்லோரும் கேட்பதுதான். வெளியே கேட்காவிட்டாலும் மனதுக்குள் இருக்கும். திரையில் பெரிதாகத் தெரிவது விலை ஒன்றுதான், அதை வைத்துத்தானே மலிவு, அதிகம் என்று பேச முடியும்? முடியாது என்பதுதான் சிக்கல். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்தால்தான் அது எதையாவது சொல்லும். தொடக்கத்தில் நம்மை மிரட்டுகிற கலைச்சொற்களில் பாதி, அந்த இரண்டாவது எண்ணின் பெயர்கள்தான்.

முதல் கூட்டாளி, மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை. எம்ஆர்எஃப் நிறுவனத்துக்கு மொத்தமே சுமார் 42.4 லட்சம் பங்குகள்தான். ஒரு பங்கு ஒரு லட்சம் என்று வைத்தால் மொத்தக் கம்பெனிக்கும் சந்தை போடும் மதிப்பு ஏறக்குறைய 42,400 கோடி ரூபாய். வோடஃபோன் ஐடியாவுக்கு, 2025 ஏப்ரலில் மத்திய அரசுக்குத் தர வேண்டிய பாக்கியில் ஒரு பகுதி பங்குகளாக மாற்றப்பட்ட பிறகு, 10,800 கோடிக்கும் மேல் பங்குகள். எட்டு ரூபாயால் பெருக்கிப் பாருங்கள்: 86,000 கோடியைத் தாண்டுகிறது. அதாவது எட்டு ரூபாய்க் கம்பெனிக்குச் சந்தை கேட்கும் விலை, லட்ச ரூபாய்க் கம்பெனிக்குக் கேட்பதைப் போல இரண்டு மடங்கு. இப்படிப் பெருக்கி வருவதுதான் மார்க்கெட் கேப், சந்தை மதிப்பு. லார்ஜ் கேப், மிட் கேப், ஸ்மால் கேப் என்று பிரிப்பதும் இதை வைத்துத்தான்; பங்கு விலைக்கும் அந்தப் பிரிவுக்கும் சம்பந்தமில்லை.

இதைச் சொன்னதும் அவன் கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தான். நல்ல பழக்கம்.

அடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் "400% டிவிடெண்ட்" என்று ஒரு செய்தி. டிவிடெண்ட் என்பது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகை. "போட்ட காசுக்கு நாலு மடங்கா மாமா?" முகமதிப்பு என்ற ஃபேஸ் வேல்யூவைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஒவ்வொரு பங்குக்கும் கம்பெனியின் ஏட்டில் ஒரு பெயரளவு மதிப்பு உண்டு: 10 ரூபாய், 5, 2, 1 என்று. டிவிடெண்ட் சதவீதத்தை அதன் மேல்தான் கணக்கிடுவார்கள். முகமதிப்பு 2 ரூபாய் என்றால் 400% என்பது 8 ரூபாய். அந்தப் பங்கு சந்தையில் 1,600 ரூபாய்க்குப் போகிறது என்றால் உங்கள் காசுக்குக் கிடைப்பது அரை சதவீதம். இந்த அரை சதவீதத்துக்குத்தான் டிவிடெண்ட் ஈல்டு என்று பெயர். சேமிப்புக் கணக்கு வட்டியே இதைவிட அதிகம். தலைப்பில் 400 என்று போட்டால்தான் ஆள் திரும்பிப் பார்ப்பான் என்பது செய்தி போடுகிறவர்களுக்குத் தெரியும்.

முகமதிப்பின் வேலை அத்தோடு முடியவில்லை. ஸ்ப்ளிட் என்பது அந்த முகமதிப்பை உடைப்பதுதான். நெஸ்லே இந்தியா 2024 ஜனவரி 5 அன்று 10 ரூபாய் முகமதிப்புப் பங்கைப் பத்து ஒரு ரூபாய்ப் பங்குகளாக உடைத்தது. முதல் நாள் 27,000 ரூபாய்ப் பக்கம் இருந்த பங்கு அன்று 2,700 பக்கம் வந்துவிட்டது. விவரம் தெரியாதவர் பழைய விலையை நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால் தொண்ணூறு சதவீதம் அடி வாங்கிவிட்டதாக நினைப்பார், அல்லது "தள்ளுபடி" என்று அள்ளப் போவார். ஒருவர் கையில் ஒரு பங்கு இருந்த இடத்தில் பத்து இருக்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை. போனஸ் பங்கு, அதாவது பங்குதாரர்களிடம் காசு வாங்காமல் கம்பெனி கொடுக்கும் கூடுதல் பங்கு, வெளியில் இருந்து பார்க்க இதேபோலத்தான் இருக்கும், ஆனால் அங்கே முகமதிப்பு மாறாது. சேர்த்து வைத்த லாபம் போன்றவை இருக்கும் ரிசர்வ் கணக்கில் கிடக்கும் தொகையைப் பங்கு மூலதனக் கணக்குக்கு மாற்றி எழுதுவார்கள். கணக்குப் பிரிவுக்காரனாகச் சொல்கிறேன், அது கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு பதிவு, ஒரு ஜர்னல் என்ட்ரி. அதற்கு இத்தனை கொண்டாட்டம் ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போனஸில் ஒரு சின்ன இடைவெளி மட்டும் பலரைக் கலவரப்படுத்தும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் எக்ஸ்-டேட் அன்று, அதாவது அன்று முதல் வாங்குகிறவருக்கு அந்த போனஸ் கிடையாது என்ற நாளில், காலையிலேயே விலை பாதியாகிவிடும். புதுப் பங்குகள் கணக்கில் வந்து சேர ஓரிரு நாள் ஆகும். நடுவில் ஆப் பாதி பணம் போய்விட்டதாகச் சிவப்பில் காட்டும். முன்பெல்லாம் இந்தக் காத்திருப்பு நீளமாக இருந்தது. 2024 அக்டோபர் முதல் அறிவிக்கப்படும் போனஸ்களில், ரெக்கார்டு தேதியிலிருந்து (பங்குதாரர்கள் யார் யார் என்று கம்பெனி கணக்கெடுக்கும் நாள்) இரண்டாவது வேலை நாளில் அந்தப் பங்குகளை விற்கவே முடியும்படி பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விதி செய்திருக்கிறது. 

எக்ஸ்-டேட் என்று சொன்னேன் அல்லவா, அதையும் முடித்துவிடுகிறேன். இங்கே 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் டி+1 முறை: இன்று வாங்கினால் அடுத்த வேலை நாளில் டிமேட்டுக்கு வந்துவிடும். அமெரிக்காவே 2024 மே மாதம்தான் இதற்கு வந்தது. அதனால் டிவிடெண்டோ போனஸோ வேண்டும் என்றால் எக்ஸ்-டேட்டுக்கு முந்தைய வேலை நாளிலேயே வாங்கியிருக்க வேண்டும். எக்ஸ்-டேட் அன்று வாங்கினால் கிடைக்காது. ஆனால் டிவிடெண்டுக்காக முதல் நாள் ஓடிப்போய் வாங்குவதில் லாபம் ஒன்றும் இல்லை. மறுநாள் விலை பெரும்பாலும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கித்தான் திறக்கும்.

பி/ஈ விகிதத்தை எல்லோரும் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுப்பது. விலை 300, ஆண்டு லாபம் பங்குக்கு 20 என்றால் பி/ஈ 15. வகுத்தல் யாருக்கும் வரும். வகுக்கும் எண் எங்கிருந்து வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய தொழிற்சாலை நிலத்தை ஒரு கம்பெனி விற்ற ஆண்டில் லாபம் கொட்டும், பி/ஈ நாலு, ஐந்து என்று அடிமாட்டு விலையாகத் தெரியும். அடுத்த ஆண்டு விற்க நிலம் இருக்காது. காலாண்டு முடிவுகளில் "இதர வருமானம்", "எக்ஸெப்ஷனல் ஐட்டம்ஸ்" (வழக்கமாக வராத வரவு செலவு) என்ற இரண்டு வரிகளைப் பார்க்காமல் பி/ஈ பேசுகிறவரிடம் நான் வாதாடுவதில்லை. உருக்கு, சர்க்கரை போன்ற ஏற்ற இறக்கத் தொழில்களில் இன்னும் விசேஷம். லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி/ஈ மிகக் குறைவாகத் தெரியும்.

சரி, இனி ஆர்டர் போடும் திரைக்கு வருவோம். புதியவர்கள் ஒரு நொடி கூடப் பார்க்காமல் கடந்துபோகும் இடம் இது. எனக்குக் கேட்டால் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடமே இதுதான்.

பங்கின் பெயரை அழுத்தினால் கீழே மார்க்கெட் டெப்த் என்று ஒரு சின்ன அட்டவணை வரும். இடப்பக்கம் வாங்க நிற்பவர்கள், அது பிட். வலப்பக்கம் விற்க நிற்பவர்கள், அது ஆஃபர் அல்லது ஆஸ்க். ஐந்து ஐந்து வரி. மேலே பெரிதாகத் தெரியும் எல்டிபி என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை, அவ்வளவே. அது முடிந்துபோன கதை. அந்த விலைக்கு உங்களுக்குத் தர யாரும் இப்போது அங்கே நிற்கவேண்டும் என்று இல்லை.

அக்கா மகனுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன். அதிகம் கைமாறாத ஒரு சின்னக் கம்பெனி. எல்டிபி 142.10. விற்க நிற்பவர்கள்: 142.60-க்கு 120 பங்கு, 142.90-க்கு 200, 143.50-க்கு 80, 145-க்கு 400. நீங்கள் 500 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போடுகிறீர்கள். மார்க்கெட் ஆர்டர் என்றால் "என்ன விலையானாலும் சரி, இப்போதே கொடு" என்று பொருள். சிஸ்டம் என்ன செய்யும்? முதல் 120, அடுத்த 200, அடுத்த 80, மீதி 100-ஐ 145 ரூபாய்க்கு. மொத்தம் 71,672 ரூபாய். சராசரி 143.34. 142.10 என்று நினைத்து அழுத்தியவர் 622 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். வாங்க நிற்பவர்கள் வரிசையில் 142.10-க்கு 300 பங்கு, 142-க்கு அதற்கு மேல் என்று வைத்துக்கொண்டால், அடுத்த நொடியே விற்றாலும் 71,030-தான் திரும்பி வரும். 642 ரூபாய் காலி. புரோக்கரேஜும் வரியும் இன்னும் சேரவில்லை. பிட்டின் முதல் விலைக்கும் ஆஃபரின் முதல் விலைக்கும் உள்ள இடைவெளிதான் ஸ்பிரெட். நிஃப்டி 50-இல் இருக்கும் பெரிய கம்பெனிகளில் இது பெரும்பாலும் சில பைசாக்கள்தான், உறைக்காது. சின்னப் பங்குகளில் ஆளைச் சாப்பிட்டுவிடும்.

இதற்கு மருந்து லிமிட் ஆர்டர். "142.60-க்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன்" என்று எழுதிவிட்டு உட்கார வேண்டியதுதான். 120 பங்கு உடனே வரும், மீதி 380 வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் சாயங்காலம் மூன்றரைக்குச் சந்தை முடிந்ததும் ஆர்டர் தானாக ரத்தாகிவிடும். இது ஒன்றும் இழப்பில்லை.

அதே திரையில் டெலிவரியா, இன்ட்ராடேயா என்று ஒரு பொத்தான் இருக்கும். நீண்ட நாள் வைத்திருக்க வாங்குகிறவர் டெலிவரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்தவேண்டும். இன்ட்ராடேயில் வாங்கிவிட்டு வேலைக்குப் போனால், சந்தை முடிவதற்கு முன் புரோக்கரே விற்றுக் கணக்கை முடித்துவிடுவார்.

எல்டிபியை நம்பக்கூடாது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ். ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகளைப் பெருமளவில் வைத்திருக்கும் கம்பெனி, மொத்தம் இரண்டே லட்சம் பங்குகள். 2024 அக்டோபர் தொடக்கத்தில்கூட மும்பைப் பங்குச் சந்தையில் அதன் கடைசி விலை 3 ரூபாய் 53 காசாகத்தான் இருந்தது. ஏழு லட்ச ரூபாய்க்கு முழுக் கம்பெனியும்! ஒரு பங்குக்கு 25 ரூபாய் டிவிடெண்ட் கொடுக்கும் பங்கு மூன்றரை ரூபாய்க்கு என்றால் யார் விற்பார்கள்? ஒருவரும் விற்கவில்லை. சர்க்யூட் வரம்பு, அதாவது ஒரே நாளில் விலை இவ்வளவுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற கட்டுப்பாடு வேறு இருந்ததால், நியாயமான விலை கேட்டு விற்கவும் வழியில்லை. வால்யூம், அதாவது அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று இருந்தால் மேலே இருக்கும் விலைக்கு அர்த்தமே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அப்புறம், மற்றக் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருப்பதே முக்கிய வேலையாகக் கொண்ட இப்படிப்பட்ட ஹோல்டிங் கம்பெனிகளுக்காகச் செபி 2024-இல் விலை வரம்பு இல்லாத சிறப்பு ஏலம் ஒன்றைக் கொண்டுவந்தது. அக்டோபர் 29 அன்று எல்சிட் 3.53-இலிருந்து ஒரே நாளில் 2,36,250 ரூபாய்க்குப் போனது. நாட்டிலேயே விலை உயர்ந்த பங்கு என்ற பட்டம் அப்போது எம்ஆர்எஃப்பிடமிருந்து கைமாறியது. அன்று பல பேர் "ஐயோ, முன்பே வாங்கியிருக்கலாமே" என்று புலம்பினார்கள். யாரிடம் வாங்கியிருப்பார்கள்? விற்கத்தான் ஆளே இல்லையே.

இதைச் சொன்னதும் அக்கா மகன் கேட்ட கேள்வியை இங்கே எழுதியே ஆகவேண்டும். "அப்போ ரெண்டரை லட்சம்கிறது அதிகமா, கம்மியா மாமா?" விலையை மட்டும் பார்த்து முடிவு சொல்லாமல் கேள்வியாகக் கேட்டானே, சந்தோஷம். கம்பெனியின் சொத்திலிருந்து கடனைக் கழித்துப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது புத்தக மதிப்பு, புக் வேல்யூ. எல்சிட்டுக்கு அது அப்போது ஒரு பங்குக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் இருந்தது. ஆக, அந்த இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரமும் புத்தக மதிப்பில் பாதிக்கும் கீழேதான். அதற்காக அதை மலிவு என்றும் சொல்லிவிட முடியாது. உள்ளே இருக்கும் ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகளைக் கம்பெனி விற்றுக் காசாக்கிப் பங்குதாரருக்குத் தரப்போவதில்லை என்று சந்தை நினைக்கிறது, அதனால் ஹோல்டிங் கம்பெனிகளை வழக்கமாகவே பெரிய தள்ளுபடியில்தான் வைத்திருக்கும். அந்தத் தள்ளுபடி எத்தனை சதவீதம் இருந்தால் நியாயம் என்று அடுத்துக் கேட்டான். அதைத்தான் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.