மார்க் 4 அம்பாசிடருக்கு மார்க் 2 முகம் வைத்த ஏழு மாதம்

என் வண்டி 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். திருமங்கலத்தில் ஒரு டாக்டர் வீட்டில் பல வருஷம் தார்ப்பாய்க்குள் நின்றதை வாங்கினேன். ஆனால் என் மனசில் இருந்தது மார்க் 2. மேலூரில் எங்கள் பெரியப்பா வைத்திருந்தது அதுதான். ஹெட்லைட்டுகளுக்குக் கீழே ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடும் நெருக்கமான கட்டம் போட்ட கிரில், அதன் இரண்டு முனையிலும் உருண்டைப் பார்க்கிங் விளக்கு. அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மார்க் 4-இன் சின்ன கிரிலும் தனியாக ஒட்ட வைத்த மாதிரி இருக்கும் சதுர விளக்கும் கடைசி வரை ஒட்டவே இல்லை. நல்ல மார்க் 2-வின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை, கட்டுப்படியானதெல்லாம் தரை முழுக்கத் துரு. சரி, உடம்பு நன்றாக இருக்கும் வண்டிதான் கையில் இருக்கிறதே, முகத்தை மட்டும் மாற்றலாம் என்று இறங்கினேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அம்பாசிடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்ற பிரிட்டிஷ் காரின் அச்சில் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்த வண்டி. மார்க் 2 வந்தது 1963-இல், மார்க் 3 1975-இல், மார்க் 4 1979-இல். 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. அத்தனை வருஷத்தில் கூரை, கதவு, பின்பக்கத்து வளைவு எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்க, வயசைக் காட்டிக்கொடுப்பது முன்பக்கம்தான். அதனால்தான் இந்த வேலை சாத்தியம். இன்னொரு நல்ல விஷயம், மார்க் 2-வில் இருப்பது மாதிரி ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் கம்பியும், முன்னால் ஒரே நீள சீட்டும் என் வண்டியிலேயே இருந்தன. இஞ்சினையும் தொட வேண்டியதில்லை. அந்த 1489 சிசி பி-சீரிஸ் பழைய வம்சம், 1955-இல் வந்த எம்.ஜி.ஏ என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே குடும்பத்து இஞ்சின்தான், அதே சிசிதான். நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற வண்டிக்கும் அதற்கும் உள்ள இந்த உறவு எனக்குப் பெரிய சந்தோஷம்.

யோசனையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. எம்.ஜி.ஏ-வுக்கு அடுத்து வந்த எம்.ஜி.பி கார்களில் அமெரிக்கச் சட்டத்துக்காக 1974 கடைசியிலிருந்து பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள், வண்டியின் உயரத்தையும் ஏற்றினார்கள். இங்கிலாந்தில் நிறையப் பேர் அதை எடுத்துவிட்டு முந்தைய குரோம் பம்பர் முகத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் வேலையைப் பார்த்தால் பம்பரைக் கழற்றி மாட்டுவதோடு அது முடிவதில்லை. பம்பரைத் தாங்கும் இரும்பை வெட்ட வேண்டும், ஃபெண்டரின் கீழ்ப்பகுதியை மாற்ற வேண்டும், ஏற்றிய உயரத்தை இறக்க வேண்டும். ஒரு முகத்துக்குப் பின்னால் தகடு இருக்கிறது, தகட்டுக்குப் பின்னால் இன்னொரு தகடு இருக்கிறது என்பது அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வெட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் தெளிவாக இருக்கின்றன. தயாரித்த நிறுவனம் கொடுத்த அடிப்படை அமைப்பை, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக, நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. கூரையை வெட்டுவது, கதவைக் குறைப்பது, சேசிஸ் எண் இருக்கும் இடத்தைத் தொடுவது எல்லாம் வம்பு. வண்ணம் மாற்றலாம், ஆனால் விண்ணப்பித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். நான் செய்யப்போவதைப் படத்தோடு காட்டிக் கேட்டுவிட்டு, பாடியின் எலும்பைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஆர்.சி.யில் அது 1984 வண்டிதான், யாரிடமும் அதை மார்க் 2 என்று சொல்லி விற்கவும் மாட்டேன். சிலர் விண்டேஜ் பதிவு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். 2021-இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், அசல் உருவத்திலும் இருக்க வேண்டும். முகம் மாற்றிய வண்டிக்கு அந்த வழி இல்லை.

அடுத்து, கழற்றி எடுக்க ஒரு மார்க் 2. சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் சுற்றியதில் கிரில் மட்டும் கிடைத்தது, அதுவும் நடுவில் மடங்கியது. அப்புறம் காரைக்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையின் பின்னால் புளியமரத்தடியில் ஒன்று கிடப்பதாகத் தகவல் வந்து, டிங்கர் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். பின்பாதி மண்ணோடு மண், முன்பாதி ஆச்சரியமாக நன்றாக இருந்தது, பல வருஷமாக இஞ்சினில் கசிந்த ஆயில் அந்தத் தகட்டைக் காப்பாற்றியிருக்கிறது. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து மூக்குத் தகடு முழுக்க வைத்துப் பார்த்தார். ஒட்டாத இடம் தகடு இல்லை, பூசி மறைத்த பட்டி. இரண்டு இடம்தான் ஒட்டவில்லை.

"தம்பி, இதை விட்டா வேற கிடைக்காது. கிரில் மட்டும் வேணும்னு கேட்காதீங்க, மூக்கு, ரெண்டு ஃபெண்டர், பானெட் எல்லாத்தையும் சேர்த்து வாங்கிடுங்க" என்றார்.

வாங்கினேன். அவர் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போனது. வீட்டுக்கு வந்து என் வண்டியின் முன்னால் அந்த மூக்கை வைத்துப் பார்த்தபோது கிரில் ஓட்டை என்னுடையதைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு கை அகலம் பெரியது. என் ஃபெண்டர் விளிம்பில் சதுர விளக்குக்கான பள்ளம் வேறு. கிரிலை மட்டும் வாங்கியிருந்தால் அதைச் சுவரில்தான் மாட்டியிருக்க வேண்டும்.

வேலை நடந்தது மதுரை பழங்காநத்தத்தில். மாஸ்டர் முதல் வாரம் வெட்டவே இல்லை, எங்கெல்லாம் போல்ட், எங்கெல்லாம் வெல்டு என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டே இருந்தார். என் வண்டி முன்பு எப்போதோ அடிபட்டு வேலை பார்த்தது, அதனால் போல்ட் இருக்க வேண்டிய இடத்திலும் வெல்டு இருந்தது. அம்பாசிடருக்கு லாரி மாதிரித் தனிச் சேசிஸ் கிடையாது, தரை, தூண், முன்னங்கால் எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடு. அதனால் ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில் ஓடும் அந்தக் கனத்த பகுதியைத் தொடாமல், அதன் முன்னால் நிற்கும் மெல்லிய தகட்டை மட்டும் எடுத்தோம். ஃபெண்டர் இரண்டையும் முழுசாக மாற்றவில்லை, என்னுடையது துருவில்லாமல் இருந்ததால் விளிம்பை மட்டும் பழைய ஃபெண்டரிலிருந்து வெட்டி ஒட்டினோம், இடையில் குறைந்த இடத்துக்கு 20 கேஜ் தகட்டில் துண்டு அடித்தார். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகடு அலை அடிக்கும் என்று சி.ஓ.டூ வெல்டிங்தான். அதையும் ஒரே இழுப்பாக இழுக்காமல் இங்கே ஒரு பொட்டு, ஒரு ஜாண் தள்ளி ஒரு பொட்டு, நடுவில் ஈரச் சாக்கு. பார்ப்பவர்களுக்கு மெதுவாகத் தெரியும். அவசரப்படுத்தாதீர்கள்.

இவ்வளவு பார்த்தும் ஒரு தவறு நடந்தது, இதை எழுதுவதே பெரும்பாலும் அதற்காகத்தான். வெல்டிங்குக்கு வசதியாக வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, நடுவில் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தோம். அந்த நிலையில் பானெட் இடுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு, அவ்வளவு அழகு. வெல்டு முடிந்து சக்கரத்தில் இறக்கியதும் இடப்பக்கம் இடுக்கு விரிந்துவிட்டது. கூடு ஒன்றுதானே, எங்கே தாங்குகிறோமோ அதற்கேற்ப ஒரு நூல், இரண்டு நூல் (ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம்) வளைகிறது, வளைந்த நிலையிலேயே நாங்கள் பற்றவைத்துவிட்டோம். அப்போது எனக்குக் காரணம் புரியவில்லை, இடுக்கு கொஞ்சம் அகலம், அவ்வளவுதானே என்று அழகர்கோவில் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனேன். கடச்சனேந்தல் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் டப்பென்று பானெட் பூட்டு விட்டது. அம்பாசிடர் பானெட் பின்னால் கீல் வைத்தது, காற்றில் தூக்கினால் கண்ணாடியில் வந்து அடிக்கும். இரண்டாவது கொக்கி பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன். கை நடுங்கிக்கொண்டு ஓரமாக நிறுத்தி, கயிற்றால் கட்டித்தான் திரும்பக் கொண்டுவந்தேன்.

மாஸ்டர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. இடப்பக்க வெல்டை முழுக்க அறுத்தெடுத்தார். இந்த முறை வண்டியை நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிறுத்தி, ரேடியேட்டர், பேட்டரி எல்லாவற்றையும் உள்ளே வைத்து, பெட்ரோல் டேங்கில் பாதி நிரப்பி, பானெட்டையும் இரண்டு முன்கதவையும் மாட்டி, மூடித் திறந்து பார்த்த பிறகுதான் முதல் பொட்டு வைத்தார். அதோடு மூன்று வாரம் போயிற்று. போகட்டும்.

குரோம் வேலையில் இன்னொரு அடி. முதலில் கொடுத்த இடத்தில் பளபளவென்று கொடுத்தார்கள், இரண்டு மாதத்தில் கட்டத்தின் மூலைகளில் தோல் உரிவது மாதிரி உரிந்தது. பழைய துருக் குழியை மெருகேற்றி எடுக்காமல், அடியில் தாமிரமும் போடாமல், நேரடியாக நிக்கலும் அதன் மேல் குரோமும் போட்டிருக்கிறார்கள். தாமிரம்தான் குழியை நிரப்பும், அதைத் தேய்த்துச் சமப்படுத்தி, மேலே நிக்கல், அதற்கு மேல் மெல்லிய குரோம். இரண்டாவது இடத்தில் தாமிரம் போட்ட நிலையிலேயே போய்ப் பார்த்தேன், செப்புக் குடம் மாதிரி இருந்தது. அந்த நிலையில் விரலால் தடவிப் பாருங்கள், அப்போது விரலுக்குத் தட்டுப்படுகிற குழி குரோம் போட்ட பிறகும் தெரியும்.

விளக்கு விஷயம் சுலபம். உருண்டை விளக்குக்குள்ளேயே பார்க்கிங்கும் இண்டிகேட்டரும் வர வேண்டும் என்பதால் இரட்டை இழை கொண்ட 21/5 வாட் பல்பு ஹோல்டர் வைத்தோம். எர்த் ஒயரைப் பெயிண்ட் மேல் முறுக்கினால் விளக்கு மங்கும், ஒரு சின்ன இடத்தைச் சுரண்டி வெறும் தகட்டில் முறுக்குங்கள். பம்பருக்கும் அந்த இரண்டாவது குரோம் கடையில் குரோம் போட்டதோடு சரி. டேஷ்போர்டை மாற்றச் சொல்லி நண்பர்கள் சொன்னார்கள். மாற்றவில்லை. உள்ளே உட்கார்ந்தால் அது 1984 வண்டியாகவே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

வெள்ளையாக இருந்ததைச் சாம்பல் நீலமாக்கினேன். பெயிண்டுக்கு முன்னால் எல்லாப் பாகத்தையும், ரப்பர் பீடிங் உட்பட, ஒரு தடவை முழுக்க மாட்டிக் கழற்றினோம். அந்த ஒரு நாளில் ஐந்து ஓட்டை இடம் மாறியிருப்பது தெரிந்தது, பெயிண்ட் அடித்த பிறகு தெரிந்திருந்தால் மறுபடியும் டிரில், மறுபடியும் பெயிண்ட். வண்ண மாற்றத்துக்கு வண்டியைக் காட்டியபோது ஆய்வாளர் சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் டார்ச் அடித்துப் பார்த்தார், விளக்குகளைப் போட்டுக் காட்டச் சொன்னார். புது வண்ணத்தோடு ஆர்.சி. கைக்கு வந்துவிட்டது.

போன மாதம் பெரியம்மாவை மேலூரில் ஏற்றிக்கொண்டு யானைமலையைச் சுற்றி ஒத்தக்கடை வரை வந்தேன். ஏறுவதற்கு முன்னால் முன்பக்கம் போய் நின்று கிரிலைக் கையால் தடவி, "இதுல ஒரு மூலை நசுங்கியிருக்குமேடா" என்றார். பெரியப்பா வண்டியில் அப்படி இருந்திருக்கிறது, எனக்கு அது நினைவில்லை. கழற்றிய மார்க் 4 மூக்கையும் சதுர விளக்குகளையும் கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி மச்சில் வைத்திருக்கிறேன்.