ஆறு இரவு இருட்டும் கருகிய மோட்டார் காயிலும்

கிணறு நிரம்பி வழிந்துகொண்டிருக்க, எங்கள் மாடுகள் தண்ணீருக்காகக் கத்தியதை 2024 டிசம்பர் 3ஆம் தேதி காலையில் கேட்டேன். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில், வானம் பார்த்த பூமியில், மூன்று ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு வறட்சிக்குப் பயந்தே வளர்ந்தவர்கள் நாங்கள். தண்ணீர் இருந்தும் எடுக்க முடியாத நிலை எங்களுக்கு வரும் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்றதையும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். கடலுக்கும் நமக்கும் இத்தனை தொலைவு இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் எல்லோரும் இருந்தோம். வலுவிழந்து மேற்கே நகர்ந்த அந்தப் புயல், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையில் அது பாதிக்கும் மேல். ஊருக்குள் ஏரித் தண்ணீர் புகுந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் பேருந்துகளையும் அடித்துக்கொண்டு போன காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

1ஆம் தேதி பொழுது சாயும் நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. கிணற்றின் உள்திட்டில் வைத்திருந்த 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டாரை, பக்கத்துக் கொட்டாய்க்காரர்கள் (காட்டிலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள்) மூன்று பேரும் நானுமாகக் கயிறு கட்டி மேலே இழுத்துக் கரையில் வைத்தோம். அன்று நாங்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் போயிற்று.

விடிந்தபோது மரவள்ளிக் காட்டில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. வரப்போரம் இருந்த இரண்டு தென்னைகளும் மூன்று முருங்கைகளும் வேரோடு சாய்ந்து கிடந்தன. இங்கே காற்று அப்படியொன்றும் பலமாக அடிக்கவில்லை. மண் ஊறிக் குழைந்துபோனதால் வேருக்குப் பிடிமானம் இல்லாமல் போயிற்று. அதே காரணத்தால் எங்கள் கொட்டாய்க்கு வரும் லைனில் ஒரு சிமெண்ட் கம்பமும் சாய்ந்து, கம்பி அறுந்து, மாட்டுக் கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவே தேங்கி நின்ற தண்ணீருக்குள் விழுந்து கிடந்தது.

அந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஊரே இருட்டில் கிடக்கிறதே, லைனில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்டு, ஒருவர் மூங்கில் கழியால் கம்பியை ஒதுக்கிவிட்டுப் போகலாம் என்றார். ஊருக்கு மின்சாரம் இல்லை என்பதால் அந்தக் கம்பிக்கும் இல்லை என்று ஆகிவிடாது. துணைமின் நிலையத்தில் எந்த நிமிடமும் திரும்பப் போடுவார்கள், நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். அறுந்த கம்பி நிலத்தைத் தொட்டால் அதைச் சுற்றிலும் தரையிலேயே மின்சாரம் பரவும் என்பதும், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே உள்ள வேறுபாடே ஆளைச் சாய்த்துவிடும் என்பதும், நான்கு கால்களை அகல வைத்து நிற்கும் மாட்டுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம் என்பதும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. நான் அன்று யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. மாடுகளைக் கொட்டகையிலேயே கட்டிவைத்தேன். அதற்காக இரண்டு பேர் என்மேல் கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யவே அரை நாள் ஆயிற்று, ஏனென்றால் செல்போன் கோபுரங்களும் ஓய்ந்துவிட்டிருந்தன. முதல் நாள் அண்டாவிலும் டிரம்மிலும் பிடித்த மழைத்தண்ணீர் மாடுகளுக்குப் போதுமானதாக இருந்தது. கறவையில் இருக்கும் கலப்பினப் பசு ஒன்று நாளொன்றுக்கு 60 முதல் 80 லிட்டர் வரை குடிக்கும். எங்களிடம் இருப்பவை இரண்டு கறவைகள், ஒரு கிடாரி. 3ஆம் தேதி காலையில் டிரம்மின் அடி தெரிந்தது. ஆழ்துளைக் கிணற்றில் இருப்பது நீர்மூழ்கி மோட்டார். மின்சாரம் இல்லாமல் அதிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூட எடுக்க வழியில்லை. திறந்தவெளிக் கிணற்றுக்குப் போகும் பாதையில் கம்பி. மாடுகள் கத்தியது அப்போதுதான்.

மாலையில் லைன்மேன் வந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிக் காட்டிவிட்டு, "அண்ணா, இனிமே பயமில்லாம போங்க, கம்பம் நட நாலு நாள் ஆகும்" என்றார். நாங்கள் கிணற்றங்கரைக்கு ஓடினோம். ஆனால் மோட்டார் வந்த பிறகு, கயிறு ஓடும் உருளையான சகடையைக் கழற்றி எங்கே போட்டோம் என்றே தெரியவில்லை. வீட்டில் நல்ல தாம்புக்கயிறு ஒன்றுகூட இல்லை. மாட்டுக் கயிறுகளை முடிந்து, பிளாஸ்டிக் வாளியில் கட்டி இறைத்தோம். சிறு வயதில் தன் தகப்பனார் மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைப்பதைப் பார்த்த என் அம்மா, எழுபது வயதில், முடிச்சு அவிழாமல் வாளியைக் கட்டும் முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பன்னிரண்டு, பதின்மூன்று குடம் சுமந்தால்தான் மாடுகளுக்கு ஒரு நாள் போகும். தண்ணீர் குறைந்த அந்த ஒரு நாளிலேயே பால் பாதியாக இறங்கிவிட்டது. பழைய அளவுக்கு ஏற ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் எடுக்காத இரண்டு நாளும் கறந்ததை உடனே காய்ச்சி, உறை ஊற்றி, கடைந்து வெண்ணெய் எடுத்தோம். மோரை அக்கம்பக்கத்துக் கொட்டாய்களுக்குக் கொடுத்தோம்.

பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டரில் பொருத்தும் ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். அதை நேராகச் சுவிட்ச் போர்டில் கொடுக்கப் பார்த்தபோது நான் தடுத்தேன். மீட்டரிலிருந்து வரும் இணைப்பைப் பியூஸ் கழற்றித் துண்டிக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்த மின்சாரம் நம் வீட்டிலிருந்து பின்னோக்கிப் போய் டிரான்ஸ்பார்மரில் பல மடங்கு அழுத்தமாக ஏறி, லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியைக் கொல்லும். நமக்காக மழையில் நனைந்து வேலை செய்கிறவர் அவர்.

மரவள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்னும் மனம் ஆறவில்லை. கிழங்கு தண்ணீரில் கிடந்தால் சில நாட்களில் அழுகத் தொடங்கிவிடும். வரப்பை மூன்று இடத்தில் வெட்டிவிட்டும் பள்ளப் பகுதியில் தண்ணீர் வடியவில்லை. மிஞ்சியதை அவசரமாகப் பிடுங்கி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு அனுப்பினோம். மாவுச்சத்தின் பாயிண்ட் பார்த்துத்தான் அங்கே விலை போடுவார்கள். நீர் கோத்த கிழங்கில் பாயிண்ட் எங்கிருந்து வரும்? வரப்பை வெட்டுவதற்கு முன்பே, தேங்கிய தண்ணீரோடு, நிலத்தின் எல்லை தெரியும்படி படம் எடுத்து வைத்தது மட்டும் கணக்கெடுப்புக்கு வந்தவர்களிடம் காட்ட உதவியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணம் உண்டு. இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. போட்ட செலவுக்கு அது காணாது என்பதை விவசாயம் செய்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் புயலால் வந்தவை. அடுத்தது என் அவசரத்தால் வந்தது.

6ஆம் தேதி, டிராக்டரில் புதுக் கம்பத்தை ஏற்றி வந்து, ஊர்க்காரர்கள் பத்துப் பேர் பிடித்து நிறுத்த, லைன்மேன்கள் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். அன்று பகலிலேயே நான் கரையில் இருந்த மோட்டாருக்கு இணைப்புக் கொடுத்து, சக்சன் பைப்பைப் போட்டு, மின்சாரம் வந்ததும் தானாக ஓடட்டும் என்று ஆட்டோ சுவிட்சையும் போட்டுவைத்துவிட்டுப் படுத்தேன். 7ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டில் விளக்கு எரிந்தது. ஆறு இரவுக்குப் பிறகு வந்த வெளிச்சத்தைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தோம். மோட்டாருக்கு மூன்று பேஸ், அதாவது மூன்று தனிக் கம்பிகளில் மின்சாரம் வர வேண்டும்; எரிந்த விளக்கு ஒரு பேஸ் வந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, மற்ற இரண்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் போயிருந்தது. இரண்டு பேஸில் மோட்டார் சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டே நின்றிருக்கிறது. கருகிய வார்னிஷ் நாற்றம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகே நான் ஓடினேன்.

ஒரு பேஸ் இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்துவதற்கென்றே பிரிவென்டர் என்ற சாதனம் இருக்கிறது. முந்தைய கோடையில் மின்னழுத்தம் குறைந்து அது அடிக்கடி மோட்டாரை நிறுத்தியதால், நானே அதன் இணைப்பைக் கழற்றிவிட்டிருந்தேன். ஸ்டார்ட்டரில், மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயின் அளவையும் ஏற்றி வைத்திருந்தேன். சுவிட்ச் போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்குகள் உண்டு. அவற்றில் நீலம் எரியாமல் ஓராண்டு ஆகிறது, மாற்றவில்லை.

மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுற்று) கட்டும் கடையில் அதைப் பிரித்துக் காட்டினார்கள். வட்டமாகச் சுற்றியிருந்த செம்புக் கம்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு கரிக்கட்டையாக இருந்தது. நடுநடுவே ஒரு பங்கு மட்டும், நேற்றுக் கட்டியதுபோல், பளபளவென்று செந்நிறத்தில் இருந்தது. "இந்த மாதிரி இருந்தா பேஸ் போயி எரிஞ்சதுன்னு அர்த்தம். இந்த வாரத்துல இது பதினோராவது மோட்டார் அண்ணா" என்றார் கடைக்காரர். அந்தப் பதினொன்றையும் கடையின் வாசலில் வரிசையாக வைத்திருந்தார்.

மோட்டார் திரும்பி வர ஒன்பது நாட்கள் ஆயின. அதுவரை கிணற்றில் வாளியால்தான் இறைத்தோம். பிரிவென்டரைத் திரும்பப் பொருத்திவிட்டேன். மின்சாரம் போனால் முதலில் ஆட்டோ சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வேறு வேலை. கொட்டகைக்கு மேலே, குழாயைத் திறந்தால் தானாக இறங்கும்படி, ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறேன். வானிலை அறிவிப்பு வந்ததும் அதை நிரப்புவது என் மகளின் பொறுப்பு. சகடை வைக்கோல் போருக்குப் பின்னால், துருப்பிடித்துக் கிடந்தது. எண்ணெய் விட்டுத் தேய்த்துக் கிணற்றங்கரையில் மாட்டினோம். மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகு வாளிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்ட நான் போனபோது அம்மா வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அது இன்னும் அங்கேயே தொங்குகிறது.